பேர் தெரியாத ஆள்

‘இரத்தப் படலம்’ என்று யாராவது சொன்னாலே போதும், இந்த வயதிலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அப்படி ஒரு கதை!

இலங்கையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எட்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சம்பள நாளில் அம்மா தந்த காசோடு பதுளை டவுனுக்குப் போய், பழைய புத்தகக் கடையில் அதை வாங்கினேன். சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ். அட்டை கிழிந்து, எத்தனையோ கை மாறி, தாளெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

அதுவரை எங்கள் லயத்துப் பையன்களுக்கு இரும்புக்கை மாயாவிதான் சாமி. 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். நானும் மாயாவிக்கு அடிமைதான். ஆனால் அவரை அண்ணாந்து பார்த்தேன். இரத்தப் படலத்தின் நாயகனுக்காக அழுதேன்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கிறான். தலையில் குண்டுக்காயம். காறை எலும்புக்குக் கிட்ட ரோமன் எண்ணில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருக்கிறது. தான் யாரென்று அவனுக்கே தெரியாது. காப்பாற்றிய கிழவனும் கிழவியும் ஆலன் என்று கூப்பிடுகிறார்கள். பிறகு ஜேக் ஷெல்டன், ஸ்டீவ் ரோலண்ட், ராஸ் டானர், ஜேசன் ஃப்ளை... ஒவ்வொரு பேரையும் இதுதான் நானோ என்று ஆசையாகப் போட்டுப் பார்ப்பான். அதுவும் கழன்று விழும். கதாசிரியர் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் 1984-இல் பெல்ஜியத்தில் படைத்தவன் எங்கள் காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்ததை என்னவென்று சொல்ல!

குப்பி லாம்பு வெளிச்சத்தில் நான் சத்தம்போட்டு வாசிக்க, தாத்தா கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ட்ரங்குப் பெட்டிக்குள் ஒரு பை நிறையக் காகிதம் வைத்திருந்தார். 1948 குடியுரிமைச் சட்டம் அப்பன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவருக்கு அது எங்கே இருக்கும்? 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தது. தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டார், ஆனால் போகவில்லை. அந்தக் காகிதங்களில் ஒன்றில் அவர் பேரில் ஓர் எழுத்துக் குறையும். இன்னொன்றில் அவர் அப்பா பேரே வேறு. இங்கேயே பிறந்த மனுஷன், கள்ளத்தோணி என்று ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

மாயாவி கதை வாசித்தால் தூங்கிவிடுவார். இந்தக் கதைக்கு மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு அம்மாவும் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

பிற்பாடு இரத்தப் படலத்தின் 18 பாகங்களும் ஒரே தடித்த புத்தகமாக வந்தன. சென்னையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து தந்தார். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். தாத்தா அப்போது இல்லை. இந்தியாவுக்கு மனுப் போட்டுப் போகாமல் நின்றவர்களுக்கும் குடியுரிமை தந்த 2003 சட்டத்தையும் அவர் பார்க்கவில்லை.

ஜேசன் ஃப்ளை என்று வந்த இரவு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. “தாத்தா, பேரு கெடச்சிருச்சி!” என்று கத்தினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்:

“காயிதம் இருக்காமா?”