பார்ப்பவரைக் கேள்வி கேட்கும் கூடங்கள்

ஓர் ஓவியத்தின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள்? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜெஃப்ரி ஸ்மித்தும் லிசா ஸ்மித்தும் இதை அளந்து 2001இல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. பாதிக்குப் பாதி பார்வைகள் 17 விநாடியிலேயே முடிந்துவிட்டன. சுவரில் தொங்கும் படத்தைக் கடந்து போவது அவ்வளவு சுலபம். காணொலி, ஒலி, ஒளி, பொருள்கள் எல்லாம் சேர்த்து ஓர் அறையையே படைப்பாக்கும் பல்லூடக நிறுவல் கலையில் அந்தச் சுலபம் கிடையாது. உள்ளே நுழைய வேண்டும், நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். 2005இல் இக்கலையின் வரலாற்றை எழுதிய கிளேர் பிஷப், படைப்புகளைக் காலத்தாலோ கருப்பொருளாலோ வகை பிரிக்கவில்லை; பார்வையாளருக்கு அவை தரும் அனுபவத்தை வைத்தே பிரித்தார். அப்படி உள்ளே போனவர் தன்னைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது எப்போது? கடந்த அரை நூற்றாண்டுப் படைப்புகளில் இதற்கு மூன்று வழிகள் தென்படுகின்றன.

முதல் வழி, பார்ப்பவரின் உருவத்தையே அவருக்குக் காட்டுவது. அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நௌமன் 1970இல் அமைத்த காணொலி நடைபாதை இதற்கு முன்னோடி. சுமார் பத்து மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். எதிரே ஒருவர் வந்தால் விலக இடமில்லை. கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள். ஒன்றில் முன்பே பதிவு செய்த, ஆளில்லாத அதே நடைபாதை. மற்றதில், இப்போது உள்ளே நடப்பவர். கேமரா நுழைவாயிலின் மேலே, அவருடைய முதுகுப் பக்கம் இருக்கிறது. ஆகவே பெட்டியை நெருங்க நெருங்க அவருடைய உருவம் சிறுத்துக்கொண்டே போகிறது; முகம் கடைசிவரை தெரிவதில்லை. கண்காணிப்புக் கேமரா தெருவுக்குத் தெரு வருவதற்கு வெகுகாலம் முன்பே, கண்காணிக்கப்படுபவரின் கூச்சத்தை நௌமன் கட்டிக் காட்டிவிட்டார்.

கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக்கின் ‘டிவி புத்தர்’ (1974) இன்னும் எளிமையானது. கேமரா படம் பிடிக்கும் தன் உருவத்தையே தொலைக்காட்சியில் பார்த்தபடி ஒரு புத்தர் சிலை அமர்ந்திருக்கிறது. இது தியானமா, தன்மோகமா? காணொலிக் கலையின் அடிப்படையே தன்மோகம்தான் என்று 1976இல் ரோசலிண்ட் கிராஸ் வாதிட்டார். அந்த எச்சரிக்கை இன்றைக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. யாயோய் குசாமா 1965இல் தொடங்கிய கண்ணாடி அறைகளுக்கு இப்போது நீண்ட வரிசை. பல இடங்களில் உள்ளே ஒரு நிமிடம்கூட நிற்க விடுவதில்லை. செல்பி எடுக்கவே அது சரியாகிவிடுகிறது.

கண்ணாடி இருந்தும் அந்தக் குழியில் விழாதது ஒலாஃபூர் எலியாசனின் ‘வானிலைத் திட்டம்’ (2003). லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் கூடத்தில் மஞ்சள் விளக்குகளாலான அரைவட்டம்; கூரையில் பதித்த கண்ணாடி அதை முழுச் சூரியனாக்கியது. இருபது லட்சம் பேர் வந்தார்கள். பலர் தரையில் மல்லாந்து படுத்து, கூரையில் சின்னஞ்சிறிதாய்த் தெரிந்த தங்கள் உருவத்தைத் தேடிக் கைகால்களை ஆட்டினார்கள். ஆனால் சூரியனுக்குப் பின்பக்கம் போனால் விளக்கும் மின்கம்பியும் அப்பட்டமாகத் தெரிந்தன. மயக்கத்தோடு அதன் சூத்திரத்தையும் சேர்த்தே காட்டியதால், ‘இதற்கா உருகினோம்’ என்று கேட்டுக்கொள்ளவும் அங்கே இடமிருந்தது.

இரண்டாவது வழி, பார்ப்பவரின் உடலைப் படைப்பின் இயக்கமாக்குவது. ரஃபேல் லோசானோ ஹெம்மரின் ‘நாடி அறை’ (2006) என்னும் படைப்பில் கூரையெங்கும் குண்டு பல்புகள் தொங்குகின்றன. ஒரு கைப்பிடியைப் பற்றினால், உங்கள் நாடித்துடிப்புக்கு ஏற்ப முதல் பல்பு மின்னும். கையை எடுத்ததும் அந்தத் துடிப்பு வரிசையில் அடுத்த பல்புக்கு நகரும். பின்னால் ஆள் வர வர அது ஒவ்வொரு பல்பாகத் தள்ளிப்போய், கடைசியில் வரிசையை விட்டே விழுந்துவிடும். மரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை; எத்தனை பேருக்குப் பிறகு தன் துடிப்பு அணையும் என்று நிற்பவரே கணக்குப் போடுகிறார். ஜேனட் கார்டிஃபின் ‘நாற்பது குரல் பாடல்’ (2001) காதுக்கு இதைச் செய்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தாமஸ் டாலிஸ் அமைத்த தேவாலய இசையின் நாற்பது குரல்களும் நாற்பது ஒலிபெருக்கிகளில் தனித்தனியே ஒலிக்கின்றன. நடுவில் நின்றால் பெருவெள்ளம். ஒரு பெட்டியின் அருகே போனால் ஒற்றை மனிதக் குரல், அதன் மூச்சு. எங்கே நிற்பது என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வழி, பார்ப்பவரைச் சாட்சியாக்குவது. தெற்காசியாவில் இக்கலை வலுப்பெற்றது இந்த வழியில்தான். அமர் கன்வரின் ‘மின்னல் சாட்சியங்கள்’ (2007) துணைக்கண்டத்தில் பெண்கள்மீது நிகழ்ந்த பாலியல் வன்முறையை எட்டுத் திரைகளில் ஒரே நேரத்தில் சொல்கிறது. ஒன்றைப் பார்த்தால் மற்ற ஏழுக்கும் முதுகு காட்ட வேண்டியிருக்கிறது. ஷில்பா குப்தா, சிறைப்பட்ட நூறு கவிஞர்களின் வரிகளைக் கம்பிகளில் குத்திய தாள்களில் வைத்து, மேலே நூறு ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டார். பேசுவதற்கான ஒலிவாங்கிகளே அங்கே ஒலிபெருக்கிகளாக மாறிக் கவிதை சொல்கின்றன.

2016 கொச்சி முசிரிஸ் பினாலே கலைவிழாவில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிதா, ஆஸ்பின்வால் மாளிகையின் கூடமொன்றில் கடல்நீரை நிரப்பினார். 2015இல் துருக்கிக் கடற்கரையில் உயிரற்று ஒதுங்கிய அகதிச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் வந்து மூழ்கிய அவனுடைய அண்ணன் காலிப்பை யாரும் பேசவில்லை. சூரிதாவின் படைப்பு காலிப்புக்கானது. செருப்பைக் கழற்றி, உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நடந்து போனால்தான் எதிர்ச்சுவரில் உள்ள கவிதையைப் படிக்க முடியும். படம் பார்த்து ‘உச்’ கொட்டிவிட்டு நகர்ந்த நாம் யார் என்ற கேள்வி காலின் ஈரத்தோடு வருகிறது.

அதே பினாலேயில் யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன், நூலக அட்டவணை அலமாரியின் வடிவத்தில் ஒரு படைப்பை வைத்தார். இழுப்பறைகளைத் திறந்தால் போர்க்காலத்தில் தட்டுப்பாடுகளுக்கு நடுவே மக்கள் வாழ்ந்த விதம் பற்றிய கதைகள். 1981இல் எரிக்கப்பட்ட யாழ் நூலகத்தை அறிந்த தமிழ் வாசகர், அந்த அலமாரியைச் சும்மா திறந்து மூட முடியாது. திறக்காமல் போனாலோ, கதை உள்ளேயே இருந்துவிடுகிறது.

அறிவியல் இதில் சொல்வது கொஞ்சம்தான். எட்வர்ட் வெஸ்ஸல் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை மிக ஆழமாகத் தொட்டதாகப் பார்த்தவர்களே சொன்ன ஓவியங்களின்போது மட்டும், தன்னைப் பற்றிய சிந்தனையோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி ஓவியப் பிரதிகளைப் பார்த்தவர்களிடம் கண்டது இது; கூடத்தில் நடப்பவருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. என்றாலும் ஒன்று தெளிவாகிறது: நன்றாயிருக்கிறது என்பது வேறு, உள்ளே போய்த் தைப்பது வேறு.

இந்த வேறுபாட்டை மறந்தவை, நான்கு சுவரிலும் வான் கோவின் ஓவியங்களை ஓடவிட்டு ஊர் ஊராக வரும் வணிகக் காட்சிகள். அவை கண்ணை நிறைக்கின்றன, பார்ப்பவரிடம் எதையும் கேட்பதில்லை. நிறுவல் கலையின் வலிமை திரையின் அகலத்திலோ ஒலியின் உரப்பிலோ இல்லை. நமக்கு ஒரு வேலை கொடுத்து, அதைச் செய்யும் நம்மையே கவனிக்க வைக்கும் படைப்புதான் நம்மைத் திருப்பிக் கேட்கிறது. அடுத்த பினாலேக்குக் கொச்சி போகிறவர்கள், எல்லாக் கூடங்களையும் பார்த்துத் தீர்க்கும் அவசரத்தை விட்டுவிடுங்கள். நான்கைந்து படைப்புகள் போதும். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று முழுதும் இருந்து பாருங்கள்.