தாராபுரத்துக் காற்றும் ஏசி ஆலயமும்

புதிதாக ஆலயம் கட்டும் சபைகள் பலவும் இப்போது ஏறக்குறைய ஒரே வரைபடத்தைத்தான் கையில் வைத்திருக்கின்றன. கீழே ஹால், மேலே தூணில்லாத ஆராதனைக் கூடம், பீடத்துக்குப் பின்னால் எல்இடி திரை, சுற்றிலும் ஏசி. தாராபுரம் மாதிரி ஊர்களிலும் கட்டடக் கமிட்டி கூடினால் பேச்சு இதில்தான் வந்து நிற்கும்.

கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்று கேலி பேசுவது சுலபம். பழைய கோயிலில் தூண் மறைவில் உட்கார்ந்து, ஆயரின் முகத்தையே பார்க்காமல் பிரசங்கம் கேட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். கீழ்த்தள ஹாலில் சாயங்காலம் டியூஷன் நடக்கலாம், பெண்கள் ஐக்கிய சங்கம் கூடலாம், மண்டப வாடகைக்கு வழியில்லாத வீட்டுக் கல்யாணமும் நடக்கலாம். வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

கோளாறு ஜன்னலை அடைப்பதில் தொடங்குகிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இங்கே ஆளையே தள்ளும். அதை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் அத்தனை காற்றாலைகள். அந்தக் காற்றை வெளியே நிறுத்திவிட்டு ஏசி போடுவதில் கரண்ட் பில் மட்டும் ஏறுவதில்லை. அடைத்த கட்டடத்துக்குத் தாழ்வாரம் வேண்டாம். தாழ்வாரம் இல்லையென்றால் ஆராதனை முடிந்ததும் நின்று பேச நிழல் இல்லை. அவரவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தால் இந்த இழப்பு புரியும். ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் சேவலும் பூசணியும் மூலனூர் முருங்கைக்காய்க் கட்டும் கிடக்கும். முப்பது ரூபாய்த் தேங்காயை முந்நூறுக்கு எடுத்தவர், அதையே திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். ஊரே சிரிக்கும். இதை எந்த ஹாலுக்குள் நடத்துவது? அந்த முற்றத்தில்தான் இப்போது கார் நிறுத்தக் கல் பதிக்கிறார்கள்.

நவீனம் என்றாலே அடைப்பு என்றில்லை. மும்பை தாதரில் சார்லஸ் கொரியா 1970-களில் வடிவமைத்த சால்வசாவோ ஆலயம், முற்றங்களும் கூடங்களுமாக மாறி மாறிப் போகிறது. கான்கிரீட் கூடுகளின் உச்சி வழியே வெக்கை மேலேறிப் போய்விடும்.

வரைபடம் மனிதர்களைப் பிரிக்கவும் செய்யும். நெல்லை வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்தில், பீடத்தில் சந்திக்கும் இரண்டு கூடங்கள், சாதிக்கு ஒன்று. பிரித்த சுவர் 1910-இல்தான் இடிபட்டது. இன்று அப்படிச் சுவர் எழுப்ப ஆளில்லை. முன்வரிசைக் குஷன் நாற்காலியும் ‘சபையாருக்கு மட்டும்’ என்ற ஹால் விதியும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும்.

அதனால் வரைபடத்தோடு சேர்த்தே, ஹால் சாவி யாரிடம், வாடகை எவ்வளவு, சபையில் இல்லாத தெருக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் தருவார்களா என்பதைக் கமிட்டி எழுதி வைக்க வேண்டும். கட்டி முடித்தபின் பேசலாம் என்று விட்டால், பெரிய நன்கொடை கொடுத்தவர் சொல்வதுதான் நடக்கும்.