‘போதிய கட்டுப்பாடு இல்லாத’ பெற்றோர்: சிறார் ஊரடங்கு பற்றி ஒரு குறிப்பு

வாஷிங்டன் நகரின் சட்டம் ஒன்றில் வரும் ஒரு சொற்றொடர் கொஞ்ச நாளாக என்னை விடவே மாட்டேன் என்கிறது.

1995இல் அங்கே சிறார் ஊரடங்குச் சட்டம் வந்தது. 17 வயது நிரம்பாத யாரும் ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 11 மணிக்கு மேல் பொது இடங்களில் இருக்கக் கூடாது. வெள்ளி, சனியில் நள்ளிரவு வரை இருக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் எல்லா நாளும் நள்ளிரவு வரை. காலை 6 மணிக்குத் தடை முடியும். மீறும் பிள்ளைக்கு 25 மணி நேரம் வரை சமூக சேவை. இதுவரைக்கும் நாம் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

அடுத்து வருவது பெற்றோருக்கான பகுதி. தெரிந்தே பிள்ளையை வெளியே விட்டால் அது பெற்றோரின் குற்றம். ‘போதிய கட்டுப்பாடு இல்லாததால்’ பிள்ளை வெளியே போய்விட்டாலும் குற்றம்தான். 500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம், அல்லது சமூக சேவை செய்யச் சொல்லலாம். பிள்ளை வளர்ப்பு வகுப்புக்கும் அனுப்பலாம்.

அந்த ‘போதிய கட்டுப்பாடு’ என்பதுதான் நான் சொன்ன சொற்றொடர். எது போதும், எது போதாது? பிள்ளை இரவு 11:10க்குத் தெருவில் நிற்கிறான் என்பதே கட்டுப்பாடு போதவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடுமா? அப்படியென்றால் குற்றத்தை விசாரிக்கவே வேண்டாமே, கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தபோது நான் ஊரடங்குப் பக்கம்தான் இருந்தேன். 14 வயதுப் பிள்ளைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தெருவில் என்ன வேலை? நம்மில் பலரும் இப்படித்தான் கேட்போம். அமெரிக்காவிலும் இப்படித்தான் கேட்டார்கள். 1996 தேர்தல் ஆண்டில் அதிபர் பில் கிளின்டனே இந்தச் சட்டங்களை ஆதரித்துப் பேசினார். அந்த ஆர்வம் இன்னும் குறையவில்லை. 2025 கோடையில் அதே வாஷிங்டன் 17 வயதினரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. காவல்துறை குறிக்கும் பகுதிகளில் இரவு 8 மணியிலிருந்தே ஒன்பது பேரோ அதற்கு மேலோ சிறார்கள் கூடக் கூடாது என்றும் அவசரச் சட்டம் போட்டது.

சட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது குற்றத்தைப் பற்றியது அல்ல, பெற்றோரைப் பற்றியது. “எல்லார் வீட்லயும் விடுறாங்க, நீங்க மட்டும்தான் விடமாட்டேங்கிறீங்க” என்று பிள்ளை சண்டை போடும்போது, “நானா சொல்றேன்? சட்டம் சொல்லுது” என்று அம்மாவோ அப்பாவோ சொல்லிக்கொள்ளலாம். சட்டம் பெற்றோருக்குப் பின்னால் நின்று கைகொடுக்கிறது என்பது இந்த வாதம். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் நிஜமாகவே கைகொடுக்கிறதா?

நீதிமன்றங்கள் இதில் ஒரே பேச்சாக இல்லை. சான் டியேகோவில் 1947இலிருந்து ஒரு ஊரடங்கு விதி இருந்தது. 1997இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சுற்றக் கூடாது, உலாவக் கூடாது, விளையாடக் கூடாது என்று அதிலிருந்த வார்த்தைகள் தெளிவாக இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று முக்கியமானது: பிள்ளையை எப்போது வெளியே விடலாம் என்று முடிவுசெய்யும் உரிமையை இந்த விதி பெற்றோரிடமிருந்தே பிடுங்குகிறது என்றது நீதிமன்றம். இரண்டே வருடம் கழித்து, 1999இல், வாஷிங்டன் சட்டத்தை அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதில் விதிவிலக்குகள் நிறைய இருந்தன. பெற்றோர் கூட இருந்தால் பரவாயில்லை. வேலைக்குப் போய்த் திரும்பினால் பரவாயில்லை. பள்ளி, கோயில், தேவாலய நிகழ்ச்சி என்றாலும் பரவாயில்லை. பெற்றோர் சொன்ன வேலைக்காகப் போனாலும் போகலாம், ஆனால் வழியில் எங்கும் நிற்கக் கூடாது, சுற்றிப் போகவும் கூடாது. இதுபோன்ற சட்டம் எதையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்து விசாரித்துத் தீர்ப்புச் சொன்னதில்லை. அதனால் ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறது.

சரி, உரிமைப் பேச்சை விடுவோம். குற்றமாவது குறைகிறதா?

குறைகிறது என்று சொல்லும் ஆய்வும் இருக்கிறது. பொருளாதார அறிஞர் பாட்ரிக் க்ளைன் 2012இல் வெளியிட்ட கட்டுரையில், ஊரடங்கு வந்த பிறகு அந்த வயதுச் சிறார்கள் கைதாவது கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைந்தது என்கிறார். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கைதும் குற்றமும் ஒன்றல்ல. போலீஸ் எங்கே நிற்கிறது, யாரைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துக் கைது கூடும், குறையும்.

2016இல் கேம்ப்பெல் கொலாபரேஷன் 12 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. ஊரடங்கு நேரத்தில் சிறார் குற்றம் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சொல்லப்போனால் எண்ணிக்கை லேசாகக் கூடும் பக்கம்தான் சாய்ந்தது, ஆனால் தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய அளவில். சிறார்கள் குற்றத்துக்குப் பலியாவதும் குறையவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு 2018இல் வந்தது. ஜிலியன் கார், ஜெனிஃபர் டோலியாக் இருவரும் செய்தது. வாஷிங்டன் சட்டத்தில் கோடைச் சலுகை ஆகஸ்டோடு முடிகிறது இல்லையா? செப்டம்பர் 1 வந்ததும் வாரநாள் ஊரடங்கு நள்ளிரவிலிருந்து 11 மணிக்கு மாறிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் பதிவுகளை நம்பாமல், துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுப் பதிவுசெய்யும் ‘ஷாட்ஸ்பாட்டர்’ கருவிகளின் கணக்கை எடுத்தார்கள். 11 மணி ஊரடங்கு தொடங்கியதும் அந்த ஒரு மணி நேரத்தில் துப்பாக்கிச் சூடு 150 சதவீதம் கூடியிருந்தது. அதாவது இரண்டரை மடங்கு.

இது எப்படி நடக்கும்? சட்டத்தை மதிக்கும் பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவன் போவதில்லை. தெருவில் பார்ப்பதற்கு ஆள் குறைந்துபோகிறது. ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே இதை எழுதிவிட்டார்: தெருவைப் பாதுகாப்பது முதலில் அங்கே நடமாடும் சாதாரண ஜனங்களின் கண்கள், போலீஸ் அதற்கு அப்புறம்தான். ஊர் அடங்கினால் அந்தக் கண்களும் அடங்கிவிடுகின்றன.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் பள்ளி நாள்களில் சிறார் வன்முறை உச்சத்தைத் தொடுவது நள்ளிரவில் இல்லை. பள்ளி விட்டவுடன், மதியம் மூன்று மணியைச் சுற்றித்தான். அந்நாட்டு நீதித் துறையின் புள்ளிவிவரங்கள் இதைப் பல வருடங்களாகச் சொல்லிவருகின்றன. பிள்ளை வீடு திரும்பும் நேரத்தில் பெற்றோர் வேலையில் இருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு ஒரு மைதானமோ நூலகமோ வைத்துக்கொடுக்கக் காசு வேண்டும். ஊரடங்குக்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும்.

இந்த இடத்தில் யாராவது ஐஸ்லாந்தைக் காட்டுவார்கள். காட்டட்டும், நல்ல உதாரணம்தான். அங்கே 12 வயது வரையுள்ள பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் இரவு 8 மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. 13 முதல் 16 வரை 10 மணி. மே 1 முதல் செப்டம்பர் 1 வரை இரண்டு மணி நேரம் கூடுதல். 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியவர்கள் 1998இல் 42 சதவீதம், 2016இல் 5 சதவீதம். அசரவைக்கும் மாற்றம்.

ஆனால் ஊரடங்கோடு வேறு என்னென்ன வந்தன என்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் விளையாட்டிலும் இசையிலும் சேர அரசுப் பணம் வந்தது. ரேக்யவீக் நகரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கென்று வருடாந்தர உதவித்தொகை கொடுத்தது. பள்ளிகளில் தொடர்ந்து கணக்கெடுப்பு நடத்தி, முடிவை அந்தந்தப் பள்ளிப் பெற்றோரிடமே காட்டினார்கள். பெற்றோர்கள் கூடி, எங்கள் பிள்ளைகள் யாரையும் இந்நேரத்துக்கு மேல் விடமாட்டோம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். முறைவைத்து ராத்திரி தெருவில் நடந்தும் பார்த்தார்கள். “எல்லார் வீட்லயும் விடுறாங்க” என்ற பிள்ளையின் வாதம் அங்கே உண்மையாகவே செத்துப்போனது. அதைக் கொன்றது அபராதம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள். இதில் எந்தப் பங்கு எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இளையோர் குடி குறைந்தது. அப்படியிருக்க, ஊரடங்கு நேரத்தை மட்டும் பிய்த்தெடுத்து வந்து, கூடவே 500 டாலர் அபராதத்தை ஒட்டி, ‘ஐஸ்லாந்து மாதிரி’ என்று சொல்வது நியாயமில்லை.

நான் மனசு மாறியதற்கு ஆய்வுகள் மட்டும் காரணம் இல்லை. அந்தச் சட்டத்தை என் வீட்டின் மேல் வைத்துப் பார்த்தேன்.

என் அம்மா செவிலியர். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. அம்மாவுக்கு நைட் டூட்டி வரும் வாரங்களில், 13 வயதில் நான் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன். வெளியே தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மா கிளம்புவார். ஒரு ராத்திரி நான் பின்கதவு வழியாக நழுவி, இரண்டு தெரு தள்ளி நண்பன் வீட்டு மாடியில் கேரம் ஆடிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பினேன். பேருந்து நிறுத்தத்துப் பரோட்டாக் கடை மாஸ்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். “டேய், நர்ஸம்மா பையன்தானே நீ?” என்றார். கூடவே நடந்துவந்து என்னை வீட்டுக்குள் விட்டார். காலையில் அம்மா பஸ்ஸைவிட்டு இறங்கியதும் விஷயத்தைச் சொல்லியும் விட்டார்.

எனக்கு அன்று கிடைத்தது கிடைத்தது, அதை விடுங்கள். அடுத்த நைட் டூட்டியிலிருந்து நான் எதிர்வீட்டு அத்தை வீட்டில்தான் படுத்தேன். அம்மா ஒரே நாளில் அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டார். பெற்றோர் பொறுப்பு என்றால் அதுதானே?

வாஷிங்டன் சட்டப்படி அந்த ராத்திரி என் அம்மா குற்றவாளி. ‘போதிய கட்டுப்பாடு’ இல்லை. அபராதம் கட்டியிருந்தால் அதை ஈடுகட்ட இன்னும் எத்தனை டூட்டி பார்த்திருப்பார், அத்தனை ராத்திரி நான் இன்னும் தனியாக இருந்திருப்பேன். மாஸ்டர்தான் சொன்னார், போலீஸ் சொல்லவில்லை. அதனால்தான் அம்மாவால் வெட்கப்பட்டாலும் பயப்படாமல் கேட்டுக்கொள்ள முடிந்தது.

அபராதத்தில் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் படுவது இதுதான். 11:30 ஆகியும் பிள்ளை வரவில்லை. அம்மா யாரைக் கூப்பிடுவார்? போலீஸைக் கூப்பிட்டால், என் பிள்ளை ஊரடங்கு நேரத்தில் வெளியே இருக்கிறான் என்று தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். உதவி கேட்கும் அழைப்பே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். பெற்றோருக்குக் கைகொடுப்பதாகச் சொன்ன சட்டம், அவர்கள் கையை நீட்டும் நேரத்தில் அபராதச் சீட்டை நீட்டினால், அடுத்த முறை யார் கூப்பிடுவார்கள்?

பிள்ளைகள் நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. என் பெண்ணுக்கு இப்போது 12 வயது. எங்கள் வீட்டிலும் நேரம் உண்டு, அதற்காகத் தினமும் சண்டையும் உண்டு. ஆனால் அந்த நேரத்தை நான் காப்பாற்ற முடிகிறதென்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு வேலை முடிந்துவிடுகிறது என்பதுதான் முக்கால்வாசிக் காரணம். என் அம்மாவைவிட நான் பொறுப்பான ஆள் என்று என்னால் சொல்ல முடியாது. ஊரடங்கு போடும் எந்த நகரசபையும் அபராதத் தொகையை எழுதுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: ராத்திரி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கலாம்? ‘வீட்டில்’ என்பது பதில் இல்லை. வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.