ஐ ஆம் லெஜண்ட்: ஒரு தலைப்பு, இரண்டு முடிவுகள்

ஐ ஆம் லெஜண்ட் 2007 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். பேரழிவுக்குப் பின் ஒரு பெருநகரில் தனியாக எஞ்சியிருக்கும் மனிதனின் கதையை இது அறிவியல் புனைவும் திகிலும் கலந்து சொல்கிறது. ரிச்சர்ட் மாத்தீசன் 1954 இல் எழுதிய அதே பெயருடைய புதினமே இதன் மூலம். பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கிய இப்படத்தின் திரைக்கதையை மார்க் புரோட்டோசெவிச், அகிவா கோல்ட்ஸ்மன் ஆகியோர் எழுதினர். வில் சிமித் நாயகனாக நடித்தார். ஏறத்தாழ 15 கோடி டாலர் செலவில் உருவாகி, உலகெங்கும் 58 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வசூலில் வெற்றி பெற்ற படமாயினும் அதன் முடிவு குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. திரையரங்கில் காட்டப்பட்ட முடிவு, படம் அதுவரை தானே அடுக்கிவந்த சான்றுகளுக்கு எதிராக அமைந்ததே அதற்குக் காரணம்.

கதைச்சுருக்கம்

புற்றுநோயைக் குணப்படுத்துவதற்காகத் தட்டம்மை வைரசு மரபணு மாற்றம் செய்யப்படுகிறது. 2009 இல் அதுவே கொள்ளைநோயாகி மனித இனத்தின் பெரும்பகுதியை அழிக்கிறது. எஞ்சியோரில் பெரும்பாலோர் வெயில் பட்டால் எரிந்துபோகும், இரவில் வேட்டையாடும் உயிர்களாக மாறுகின்றனர். படம் இவர்களை 'இருள்தேடிகள்' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறது. கதை நடப்பது 2012 இல். இராணுவ வைரசு ஆய்வாளரான ராபர்ட் நெவில், சாம் என்ற நாயுடன் நியூயார்க்கின் வாசிங்டன் சதுக்கத்தில் வாழ்கிறார். பகலில் உணவும் உயிர்பிழைத்தோரும் தேடுகிறார். மாலையில் இரும்புக் கதவுகளை அடைத்துவிட்டு, நிலவறை ஆய்வகத்தில் மருந்து கண்டுபிடிக்க முயல்கிறார்.

தனிமையைக் காட்டிய விதம்

படத்தின் முதல் பாதி இவ்வகைப் படங்களில் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. புல் முளைத்த சாலைகள், கைவிடப்பட்ட வாகனங்கள், அவற்றினூடே ஓடும் மான் கூட்டம் என ஆள் நடமாட்டமற்ற மன்காட்டனை ஆண்ட்ரூ லெசுனியின் ஒளிப்பதிவு பட்டப்பகல் வெளிச்சத்தில் காட்டுகிறது. இருட்டைத் திகிலுக்கும் வெளிச்சத்தைப் பாதுகாப்புக்கும் பயன்படுத்துவது வழக்கம். இங்கே வெளிச்சம் வெறுமையைக் காட்டுகிறது. பின்னணி இசையும் நீண்ட நேரம் ஒதுங்கி நிற்கிறது.

நெவில் வீடியோக் கடையில் பொம்மைகளை நிறுத்திவைத்து, அவற்றுக்குப் பெயரிட்டுப் பேசுகிறார். வரிசைப்படி ஒவ்வொரு படமாக எடுத்துச் செல்கிறார். முதலில் இது வேடிக்கையாகத் தெரிகிறது. சாம் நோய்த்தொற்றுக்கு ஆளாகி, அதைத் தன் கையாலேயே கொல்ல நேர்ந்தபின் அவர் மீண்டும் அக்கடைக்கு வருகிறார். ஒரு பெண் பொம்மையிடம் தனக்கொரு பதில் வணக்கம் சொல்லும்படி கண்ணீரோடு கெஞ்சுகிறார். நாய் இறக்கும் காட்சியில் ஒளிப்படக்கருவி நாயைக் காட்டாமல் சிமித்தின் முகத்திலேயே நிற்கிறது. அவருடைய நடிப்பு வாழ்க்கையின் சிறந்த தருணங்களில் இதுவும் ஒன்று.

படம் முன்வைக்கும் சான்றுகள்

மருந்தைச் சோதிக்க நெவில் பொறி வைத்து ஒரு பெண் இருள்தேடியைப் பிடிக்கிறார். அவளைத் தேடி வரும் கூட்டத் தலைவன், தோல் கருகும் என்று தெரிந்தும் ஒரு கணம் வெயிலில் முகத்தை நீட்டி உறுமுகிறான். அன்றைய பதிவில் நெவில், இவர்களிடம் மனித நடத்தை முற்றிலும் மறைந்துவிட்டது என்று குறிப்பிடுகிறார். தலைவனின் செயலில் தற்காப்புணர்வு மங்கியதை மட்டுமே அவர் காண்கிறார். பார்வையாளருக்குத் தெரிவது வேறு: தனக்கு வேண்டியவளை மீட்க ஒருவன் உயிரையும் பொருட்படுத்தவில்லை.

அடுத்து, நெவில் வைத்த பொறியைப் போன்ற ஒன்றிலேயே நெவில் சிக்குகிறார். வீடியோக் கடையில் நின்ற பொம்மைகளில் ஒன்று இடம் மாற்றப்பட்டு இரையாக வைக்கப்பட்டிருக்கிறது. பொழுது சாயும்வரை காத்திருந்து, தலைவன் நோயுற்ற நாய்களை அவர்மீது ஏவுகிறான். கவனித்தல், நினைவில் வைத்தல், திட்டமிடுதல், பழிவாங்குதல் எல்லாம் இதில் உள்ளன. ஆய்வகச் சுவரில் வரிசையாக ஒட்டப்பட்ட ஒளிப்படங்கள், நெவிலின் சோதனைகளில் இறந்தவர்களுடையவை. இருள்தேடிகளின் பக்கத்திலிருந்து பார்த்தால், பகலில் வந்து தம்மவரைக் கடத்திச் சென்று கொல்பவன் அவர்தான். படம் இந்த எண்ணத்தைத் தெளிவாகவே விதைக்கிறது.

இரண்டு முடிவுகள்

திரையரங்கப் பதிப்பில், மருந்து பலிக்கத் தொடங்கியதும் நெவில் பெண் இருள்தேடியின் குருதியை அன்னா என்ற பெண்ணிடம் கொடுக்கிறார். அவளையும் ஈதன் என்ற சிறுவனையும் ஒளித்துவைத்துவிட்டு, கையெறி குண்டை வெடித்து எதிரிகளோடு தானும் மடிகிறார். அன்னா வெர்மான்ட் மாநிலத்திலுள்ள உயிர்பிழைத்தோர் குடியிருப்பை அடைகிறாள். தலைவன் எதற்காக வந்தான் என்ற கேள்வி எழுவதே இல்லை.

பின்னர் டிவிடியில் வெளியான மாற்று முடிவில், தலைவன் ஆய்வகக் கண்ணாடியில் கையால் ஒரு வண்ணத்துப்பூச்சி வடிவத்தை வரைகிறான். பிடிபட்ட பெண்ணின் உடலில் உள்ள பச்சைக்குத்தும் அதே வடிவம். தன் துணையை மீட்கவே அவன் வந்திருக்கிறான் என்பதை நெவில் உணர்கிறார். அவளை ஒப்படைத்து மன்னிப்புக் கேட்கிறார். அப்போது சுவரிலுள்ள ஒளிப்படங்கள் மீண்டும் காட்டப்படுகின்றன. இம்முறை அவை ஆய்வுக் குறிப்புகளாகத் தெரிவதில்லை. தொடக்கத்தில் நெவிலின் மகள் கைகளால் காட்டிய வண்ணத்துப்பூச்சி, திரையரங்கப் பதிப்பில் கண்ணாடி விரிசலாகவும் அன்னாவின் பச்சைக்குத்தாகவும் வந்து, விதியின் அடையாளமாக முடிகிறது. மாற்றுப் பதிப்பில் அதே வடிவம் இரு தரப்பும் புரிந்துகொள்ளும் ஒரே சொல்லாகிறது.

முன்னோட்டக் காட்சிகளில் பார்வையாளர் ஏற்காததாலேயே இம்முடிவு மாற்றப்பட்டதாக இயக்குநர் லாரன்ஸ் பின்னாளில் தெரிவித்தார்.

மூலமும் முந்தைய படங்களும்

மாத்தீசனின் புதினம் லாசு ஏஞ்சல்சில் நடக்கிறது. அதில் நோயுற்றோரில் ஒரு பகுதியினர் புதிய சமூகமாக அமைந்து, தம்மவரைக் கொன்ற நெவிலுக்கு மரண தண்டனை விதிக்கின்றனர். முன்பு மனிதர் இரத்தக் காட்டேரிகளை எண்ணி நடுங்கியதுபோல இப்போது தன்னை எண்ணி இவர்கள் நடுங்குகிறார்கள் என்பதை அவன் இறுதியில் புரிந்துகொள்கிறான். இனி அச்சுறுத்தும் பழங்கதை அவன்தான். தலைப்பின் பொருள் அதுவே.

வின்சென்ட் பிரைசு நடித்த 1964 ஆம் ஆண்டுப் படமான த லாஸ்ட் மேன் ஆன் எர்த், புதிய சமூகம் நாயகனைக் கொல்லும் இம்முடிவை ஓரளவு காத்தது. சார்ல்டன் எசுடன் நடித்த 1971 ஆம் ஆண்டின் த ஒமேகா மேன், நாயகனின் குருதியிலிருந்து மருந்து பிறப்பதாகவும் அவன் பிறருக்காக உயிர்விடுவதாகவும் மாற்றியது. 2007 திரையரங்க முடிவு மாத்தீசனைவிட இந்த 1971 படத்துக்கே நெருக்கமானது. தலைப்பிலுள்ள சொல் அதனால் தலைகீழாகிறது: பிறர் அஞ்சும் பழங்கதை, பிறர் போற்றும் வீரக்கதையாகிவிடுகிறது.

மதிப்பீடு

படத்தின் மற்றொரு குறை இருள்தேடிகளின் தோற்றம். ஒப்பனை செய்த நடிகர்களைக் கைவிட்டுக் கணினி வரைகலைக்கு மாறியதால், எல்லா முகங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரிகின்றன. இவர்களும் ஒரு சமூகம் என்ற கருத்தை அம்முகங்கள் தாங்குவது கடினம். அவர்களைக் கொன்று குவிக்கும் முடிவைப் பார்வையாளர் எளிதில் ஏற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாற்று முடிவும் குறையற்றதன்று. புதினத்தின் நெவில் தன் செயலுக்குத் தண்டனை பெறுகிறான். படத்தின் நெவில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியேறிப் போய்விடுகிறார். ஆயினும் முன்பகுதிக் காட்சிகளுக்கு விடை தருவது அதுவே. 2022 இல் அறிவிக்கப்பட்ட தொடர்ச்சிப் படம் மாற்று முடிவிலிருந்தே தொடங்கும் என்று கோல்ட்ஸ்மன் 2023 இல் தெரிவித்தார். படத்தை முதன்முறை பார்ப்போர் திரையரங்கப் பதிப்பைப் பார்த்தபின், தலைவன் வெயிலில் முகம் காட்டும் காட்சியை ஒருமுறை மீண்டும் பார்த்துவிட்டு மாற்று முடிவுக்குச் செல்வது, படம் எங்கே தன் வழியை மாற்றிக்கொண்டது என்பதை அறிய உதவும்.