மூச்சுக்கும் முன்னே ஒரு சூத்திரம்

பதஞ்சலியின் யோக சூத்திரத்தைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஆசனத்தைத் தேடிப் போகிறார்கள், இல்லையென்றால் பிராணாயாமத்தை. நாம் அதற்குச் சற்று முன்னதாகவே நின்றுவிடலாம். முதல் பாதமான சமாதி பாதத்தில் 33ஆவது சூத்திரம். அடுத்த சூத்திரத்தில்தான் மூச்சு வருகிறது. ஆசனமோ இரண்டாம் பாதம் பாதிக்கு மேல் நகர்ந்த பிறகுதான். நோய், சோர்வு, ஐயம் என மனத்தைச் சிதறடிக்கும் 9 தடைகளைச் சொல்லி முடித்த பதஞ்சலி, சுற்றியிருக்கும் மனிதர்கள் பக்கம் நம் முகத்தை மெல்லத் திருப்புகிறார். இன்புற்றிருப்பவரிடம் மைத்ரி என்னும் நட்பு, துன்புறுபவரிடம் கருணை, நல்வினையாளரிடம் முதிதை என்னும் உவகை, தீவினையாளரிடம் உபேட்சை என்னும் சலனமற்ற சமநோக்கு. இவற்றைப் பழகப் பழக மனம் தெளியும். அவ்வளவுதான் சூத்திரம்.

யாருக்கு எது என்று அவர் பொருத்தியிருக்கும் நயத்தை நின்று பாருங்கள். நட்பு யாருக்குத் தேவை என்று நம்மைக் கேட்டால் துன்பப்படுபவருக்கு என்போம். பதஞ்சலி அதை இன்புற்றிருப்பவருக்குக் கொடுக்கிறார். அடுத்த வீட்டில் கல்யாணக் களை கட்டும்போதும், உடன் படித்தவருக்கு உயர்ந்த பதவி கிடைக்கும்போதும் மனத்தின் ஓர் ஓரம் கசப்பதை அவர் அறிந்திருக்கிறார். நண்பரின் நல்வாழ்வு யாருக்கும் கசப்பதில்லை. ஆகவே இன்புற்றிருக்கும் எவரையும் நண்பராகவே பார்க்கச் சொல்கிறார். அதட்டல் இல்லை, அறவுரை இல்லை. எவ்வளவு மென்மையான வைத்தியம்!

இந்த வைத்தியத்தை வாசஸ்பதி மிச்ரர் தம் தத்துவ வைசாரதீ உரையில் இன்னும் விரித்துக் காட்டுகிறார். மைத்ரி பொறாமையைக் கழுவுகிறது. கருணை, பிறருக்குத் தீங்கு செய்ய எழும் விருப்பத்தை. முதிதை, நல்லவரிடம் குற்றம் தேடும் அசூயையை. உபேட்சை, பொறுக்கமாட்டாமல் பொங்கும் சினத்தை. இவற்றில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது அசூயையிடம்தான். ஒருவர் தானம் செய்கிறார் என்று கேட்டதும் உள்நோக்கம் என்னவோ என்று முணுமுணுக்கும் மனத்தை எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள்! அந்த மனத்தோடு தியானத்தில் அமர்ந்தால், கலங்கிய தண்ணீர்தானே உடன் வந்து அமரும்?

இந்த நான்கும் இதே வரிசையில் பௌத்தத்திலும் ஒளிர்கின்றன. மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா என்று பாலி மொழி அவற்றைச் சொல்கிறது; பிரம்மவிஹாரங்கள், அதாவது பிரம்மன் உறையும் நிலைகள், என்று போற்றுகிறது. அந்தப் பெயரின் அழகு, புத்தரின் உரைகளைத் தொகுக்கும் தீக நிகாயத்தின் 13ஆவது சூத்திரமான தேவிஜ்ஜ சுத்தத்தில் துலங்கும். கோசல நாட்டில் அசிரவதி ஆற்றங்கரையில், மனசாகடம் என்னும் ஊரின் மாந்தோப்பில் புத்தர் தங்கியிருக்கிறார். வாசெட்டன், பாரத்வாஜன் என்ற இரண்டு அந்தண இளைஞர்கள் வருகிறார்கள். பிரம்மனோடு சேரும் வழி என் ஆசிரியர் சொல்வதா, உன் ஆசிரியர் சொல்வதா என்று அவர்களுக்குள் வழக்கு. புத்தர் அவர்களுடைய ஆசிரியர்களைக் கேள்விகளால் துளைக்கத்தான் செய்கிறார். ஆனால் வழியைச் சொல்லும் இடம் வந்ததும் இந்த நான்கையும் அவர்கள் முன் வைக்கிறார். வலிமையுள்ள சங்கூதி ஒருவன் சிரமமின்றி நான்கு திசைக்கும் ஒலியை எட்டச் செய்வதுபோல, அன்பு நிறைந்த மனம் எந்தத் திசையையும் விட்டுவைக்காமல் பரவும் என்கிறார். கேட்டவர்களின் இலக்கை மாற்றாமலே பாதையை எவ்வளவு கனிவாகக் கையில் கொடுக்கிறார்!

இவை எங்களுக்கே உரியவை என்று பௌத்தம் வேலி போட்டுக்கொள்ளவும் இல்லை. சம்யுத்த நிகாயத்தில், ஹலித்தவசனம் என்னும் கோலியர் ஊரில், பிற சமயத் துறவிகள் சிலர் பிக்குகளை மடக்குகிறார்கள்: இதே நான்கைத்தான் நாங்களும் கற்பிக்கிறோம், உங்களுக்கும் எங்களுக்கும் என்ன வேறுபாடு? புத்தர் அதை மறுக்கவில்லை. ஒவ்வொன்றும் எதில் போய் நிறைவடைகிறது என்று அவர்களைக் கேளுங்கள் என்கிறார். பிறகு தாமே சொல்கிறார். மைத்ரி அழகில் நிறைகிறது. கருணை எல்லையற்ற வெளியில். முதிதை எல்லையற்ற விஞ்ஞானத்தில், அதாவது அறியும் உணர்வில். உபேட்சை, ஒன்றுமில்லை என்னும் நிலையில். நட்பின் உச்சம் அழகு என்று சொன்ன அந்த வாய்க்கு எதைக் கொடுப்பது! ஜைனத்தின் தத்துவார்த்த சூத்திரமும் இந்த நான்கின் உறவினரைப் போன்ற ஒரு வரிசையைத் தன் போக்கில் சொல்கிறது.

இந்த நான்கையும் பழகும் முறையின் நுட்பம் தெரிய வேண்டுமானால் இலங்கையின் அனுராதபுரத்துக்குப் போக வேண்டும். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அங்கே மகாவிஹாரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தின் 9ஆவது அத்தியாயம் முழுவதும் இந்த நான்குக்கே. நான்குக்கும் அவர் ஒரே வாசலைத் திறப்பதில்லை. மைத்ரி தன்னிடமிருந்தே தொடங்கும். நான் இன்பமாக இருக்க விரும்புவதுபோல் பிறரும் விரும்புவார்கள் என்பதற்குத் தன்னையே சாட்சியாக்குவது அது. கருணை, பார்த்ததும் நெஞ்சு இளகும் ஏழை ஒருவரிடமிருந்து தொடங்கும். முதிதைக்கு அவர் காட்டும் ஆளைப் பாருங்கள்: பேசுவதற்கு முன்பே சிரித்துவிடும் நண்பர்! அப்படி ஒருவர் நம் எல்லோருக்கும் உண்டு. பாரமான தியான நூலின் நடுவே அந்தச் சிரித்த முகத்தை வைத்த கையை என்ன சொல்லிப் பாராட்டுவது?

மைத்ரி முழுமையாகக் கனிந்ததா என்று பார்க்க அவர் ஒரு சோதனை வைக்கிறார். தியானி, அவருக்குப் பிரியமானவர், நடுநிலையானவர், பகைவர் என நால்வர் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். கொள்ளையர் வந்து, பலி கொடுக்க ஒருவரைக் கொடு என்கிறார்கள். இவரைக் கொண்டுபோங்கள் என்று பகைவரைக் காட்டினால் மைத்ரி கனியவில்லை. அது நமக்கும் உடனே புரிகிறது. என்னைக் கொண்டுபோங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள் என்றாலும் கனியவில்லை என்கிறார் புத்தகோசர். நாம் தியாகம் என்று கைகூப்பும் இடத்தில் அவர் ஒரு நூலிழை வேலியைக் காண்கிறார். அப்போதும் நால்வரில் ஒருவர் கொடுக்கத் தக்கவராகிவிடுகிறார் அல்லவா? நால்வரில் கொடுக்கத் தக்கவர் ஒருவரும் கண்ணில் படாதபோதுதான் அந்த வேலி உடைகிறது.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகைவர்களையும் அவர் அடையாளம் சொல்கிறார். மைத்ரியின் தொலைப்பகை வெறுப்பு. அருகிலேயே நடமாடும் பகை, பற்று. கருணைக்குத் தொலைப்பகை கொடுமை. அருகிலுள்ள பகை, நம் இழப்பை எண்ணி வரும் சோகம். உபேட்சைக்கு அருகிலுள்ள பகை, ஒன்றும் அறியாத அக்கறையின்மை. பார்ப்பதற்கு அந்தக் குணமும் அதன் அருகிலுள்ள பகையும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும்.

அந்த உபேட்சையில்தான் இரு மரபுகளும் நுட்பமாகப் பிரிகின்றன. மைத்ரி முதலியவற்றில் சம்யமம், அதாவது ஆழ்ந்த ஒருமுகப்பாடு, செய்தால் வலிமைகள் கிட்டும் என்று மூன்றாம் பாதத்தில் பதஞ்சலி சொல்கிறார். அதற்கு உரை செய்யும் வியாச பாஷ்யம் மூன்று வலிமைகளையே எண்ணுகிறது. தீயவரிடம் காட்டும் உபேட்சை ஒரு பாவனை அல்ல, அதில் சமாதி இல்லை, ஆகவே வலிமையும் இல்லை என்று நிறுத்திக்கொள்கிறது. பௌத்தத்திலோ முதல் மூன்றும் மூன்றாம் தியானம்வரை அழைத்துச் செல்பவை. நான்காம் தியானத்துக்குள் உபேட்சை மட்டுமே நுழையும். ஒரே சொல், இங்கே ஒதுங்கி நிற்கும் விவேகம், அங்கே சிகரம். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசையில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே பேரின்பமாக இருக்கிறது. ஆனாலும் இந்த நான்கையும் விளக்கப் புத்தகோசர் காட்டும் தாயிடம் என் மனம் ஒருபடி கூடுதலாகச் சாய்கிறது. அவளுக்கு நான்கு பிள்ளைகள். கைக்குழந்தை வளர வேண்டும், நோயாளிப் பிள்ளை தேற வேண்டும், இளமை பொங்க நிற்பவன் அந்த இளமையை நெடுங்காலம் துய்க்க வேண்டும் என்று விரும்புகிறாள். தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் நான்காவது பிள்ளையைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அவனுக்கும் அவள் தாய்தான்.