பனியும் பனையும் குசினியும்

1994இல் எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுதியின் பெயர் 'பனியும் பனையும்'. அதற்குப் பின் வந்த நமது கவிதைகளைப் பார்த்தால் பலருக்கு அந்தத் தலைப்பே போதுமாக இருந்திருக்கிறது. பனி என்றால் துயரம், பனை என்றால் ஊர். பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாம் திணை என்று சொல்லியும் ஆயிற்று.

திணை என்று பேசினால் தொல்காப்பியத்தை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே நிலமும் பொழுதும் முதற்பொருள் மட்டுமே. கருப்பொருளில் மரமும் பறவையும் போலவே உணவும் தொழிலும் உண்டு. (பனிகூட அங்கே துயரத்துக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல. முன்பனி குறிஞ்சிக்குரியது, குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல்.) நாமோ பொழுதை வைத்துக்கொண்டு தொழிலைக் கைவிட்டோம். அடுப்பு வெக்கையிலும் கோப்பை கழுவும் மெசினின் ஆவியிலும் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு, இரவு வீடு வந்து பனியைப் பற்றி எழுதுகிறோம். பனியை நாம் கண்டது பஸ்ஸுக்கு நின்ற பத்து நிமிடம்தான்.

இதைக் கவித்திறன் போதாமை என்று மட்டும் விட்டுவிட முடியாது. பனிக்குள் நிற்கும்போது நாம் வெறும் அகதி; பாதிக்கப்பட்டவர், குற்றமற்றவர். றெஸ்ரோறன்ற் குசினிக்குள் அப்படி நிற்க முடியாது. அங்கே நமக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர். புதிதாக வந்த வங்காளிப் பெடியனை நாம் பேர் சொல்லியா கூப்பிடுகிறோம்? நமது சிந்தனையை எது நாளாந்தம் உருவாக்குகிறதோ அதையே எழுதாமல் விட்டால், நம்மைப் பற்றி நமக்கு என்னதான் தெரிய வரும்?

சூழல்தான் சிந்தனையை உருவாக்குகிறது என்பதை நாம் ஒரு சாட்டாகவும் வைத்திருக்கிறோம். சாதியைப் பற்றிக் கேட்டால் 'அது ஊர்ச் சூழல்' என்கிறோம். டானியலின் 'பஞ்சமர்' காட்டிய யாழ்ப்பாணத்தில் அது காணியிலும் கிணற்றிலும் கோயில் வாசலிலும் இருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் அந்த வாசலில்தான் போராட்டம் நடந்தது. இங்கே காணியுமில்லை, கிணறுமில்லை. எல்லாருக்கும் ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே பனி. இருந்தும் கலியாணப் பேச்சு வந்தால் விசாரிக்கிறோம். அப்படியானால் சூழல் என்பது மண்ணும் காலநிலையும் மட்டுமல்ல, ஒருவருக்கொருவர் நாமும்தான்.

குசினிக்குப் புதிதாக ஒரு தமிழர் வந்தால் நமது முதல் கேள்வி, 'ஊரில எவ்விடம்?' அடுத்தது, 'அதில கோயிலுக்கு இங்காலயோ, அங்காலயோ?' என்ன கேட்கப்படுகிறதென்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கதைகளில் ஷோபாசக்தி போன்ற சிலர் இதைத் தொட்டிருக்கிறார்கள். நாம் வாசித்த கவிதைகளுக்குள் இது அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது.