பூஞ்சைகளின் குடிவழி: மரபணு வரிசையை எவ்வளவு நம்பலாம்?

தோற்றத்தை வைத்து உறவு சொல்வது பூஞ்சையியலில் பலமுறை பொய்த்திருக்கிறது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழித்த பைட்டோப்தோரா, இழையிழையாக வளர்வதால் நெடுங்காலம் பூஞ்சையாகவே எண்ணப்பட்டது. மரபணு வரிசைகளோ அதைப் பழுப்புப் பாசிகளின் சுற்றத்தில் சேர்த்தன. நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸின் கதை நேரெதிர். ஓரணு விலங்காகக் கருதப்பட்டுவந்த அதைப் பூஞ்சை என்று 1988இல் காட்டியது ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசை. ஆய்வகத்தில் வளர மறுக்கும் உயிரிக்கும் இனம் சொல்ல முடிவது இம்முறையின் பெரிய பலம்.

ஆனால், பெருங்கிளைகளில் கைகொடுக்கும் முறை சிறுகிளைகளில் தடுமாறுகிறது. 2012இல் பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக, ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களுக்கு இடையே உள்ள ஐ.டி.எஸ். பகுதி முன்மொழியப்பட்டது. ஒவ்வொரு செல்லிலும் இதற்குப் பல படிகள் உண்டு. அதனால் பழைய உலர்மாதிரியிலிருந்தும் பெருக்கி எடுக்கலாம். இந்த வசதியே சிக்கலாகவும் மாறுகிறது. பியூசேரியம் இனங்கள் பலவற்றில், ஒரே உயிரிக்குள் வெவ்வேறு வழிவந்த இருவகை ஐ.டி.எஸ்.2 (ஐ.டி.எஸ். பகுதியின் ஒரு கூறு) இருப்பதை ஓடானல், சிகெல்னிக் என்ற ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். ஓர் இனத்தில் முதல் வகையையும் அதன் நெருங்கிய உறவில் இரண்டாம் வகையையும் எடுத்து ஒப்பிட்டால், பங்காளிகள் அந்நியராகிவிடுவார்கள். அதனால்தான் பியூசேரியத்துக்கு டி.இ.எஃப்.1, பெனிசிலியத்துக்கு பீட்டா டியூபுலின், ஆஸ்பெர்ஜில்லஸுக்கு கால்மோடுலின் என்று வேறு மரபணுக்களை நாடுகிறார்கள்.

அங்கும் எச்சரிக்கை வேண்டும். கோதுமையைத் தாக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து மற்றொன்றுக்கு டாக்ஸ்ஏ என்ற நச்சு மரபணு தாவியதை 2006இல் வந்த ஆய்வு ஒன்று விளக்கியது. அந்த ஒரு மரபணுவை மட்டும் பார்த்தால், தூரத்து உறவான இரண்டும் உடன்பிறப்பாகத் தெரியும். ஒரு மரபணு தன் வரலாற்றைத்தான் சொல்லும். உயிரியின் வரலாற்றை அறியப் பல மரபணுக்கள் ஒத்துச் சொல்ல வேண்டும்.

இவை முறையின் குறைகள். பயன்படுத்துவோரின் குறை இதைவிடப் பெரிது. பொதுத் தரவுத்தளங்களின் பூஞ்சை வரிசைகளில் ஐந்தில் ஒரு பங்குவரை தவறான இனப்பெயரோடு இருக்கக்கூடும் என்று 2006இல் வெளியான இன்னோர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றோடு ஒப்பிட்டுப் பெயரிடுபவர் அதே பிழையைப் புதிய பதிவிலும் ஏற்றிவிடுகிறார். வரிசையின் எழுத்துகள் சரியாகப் படிக்கப்பட்டிருந்தாலும், மேலே ஒட்டிய பெயர் சரியா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல, உலர்தாவரகத்தில் பாதுகாத்த மாதிரியும் அதன் வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்தறிந்த கண்ணும் வேண்டும். ஆகவே அத்தகைய மாதிரியின் எண் இல்லாத வரிசையைக் குடிவழிக்குச் சான்றாக ஏற்காதிருப்பதே முறை.